அந்தப் பூங்கா எது?

போகிப் பண்டிகைக்கு முதல் நாள் எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பரண் என்றால் உங்களுக்குத் தெரியாததா? மூடி இல்லாத ஊறுகாய் ஜாடி, ஜாடி இல்லாத மூடி, ஒற்றைக் கால் இழந்த மணை, யாருடையது என்று யாருமே ஒப்புக் கொள்ளாத ஒரு டிரங்குப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள்தான் அது இருந்தது. தோலுறை முழுவதும் பூஞ்சைக் காளான் பிடித்து, பார்ப்பதற்குப் பழைய வெற்றிலைச் செல்லம் போலிருந்தது. திறந்தால் உள்ளே என் தகப்பனாரின் காமிரா!

ஆக்ஃபா க்ளிக் 3. ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களில் அலாரம் கடிகாரத்துக்கும் ரேடியோப் பெட்டிக்கும் அடுத்தபடியாக மரியாதை பெற்றிருந்த பொருள். பரோடாவில் தயாரானது. நூற்றிருபதாம் நம்பர் பிலிமைப் போட்டால் பன்னிரண்டு சதுரப் படங்கள் கிடைக்கும். பதின்மூன்றாவது படம் வேண்டுமானால் அடுத்த மாதச் சம்பளம் வரவேண்டும். ஆகையால் ஒவ்வொரு தடவையும் குமிழை அழுத்துவதற்கு முன்னால் அப்பா சுவாசத்தையே நிறுத்திக் கொள்வாராம். எதிரே நிற்பவர்களும் நிறுத்திக் கொள்ள வேண்டுமாம். பழைய போட்டோக்களில் நம் பெரியவர்கள் எல்லாரும் கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர்கள் மாதிரி நிற்பதன் ரகசியம் இதுதான் போலும்.

காமிராவுடன் ஒரு பழுப்பு உறையில் நெகடிவ்கள் சில இருந்தன. "அதைத் தூக்கிப் போட்டுடாதே, உங்கப்பா பத்திரம்னு சொல்லி வெச்சது" என்றாள் அம்மா. போட்டோவுக்கு அன்று மாலையே ஆல்பத்தைப் புரட்டினோம்.

அதில் ஒரு படம். கல்யாணமான புதிதில் அம்மா ஒரு பெரிய மரத்தின் முன்னால் நிற்கிறாள். கையில் புதுக் கைப்பை. கண்கள் வெயிலில் கூசி இடுங்கியிருக்கின்றன. இடது பக்கம் இரும்புக் கம்பி வேலி. பின்னால் தள்ளி, ஒரு பெஞ்சியில் யாரோ இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள், முகம் தெரியவில்லை. அம்மாவின் காலடி வரைக்கும் ஒரு நீண்ட நிழல், இரண்டு முழங்கைகளையும் அகட்டிக் கொண்டு விழுந்திருக்கிறது.

"நிழல் விழுந்து படம் கெட்டுப் போச்சே!" என்றேன்.

"ஏண்டி, கெட்டுப் போறதாவது! நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிற படம் அந்த வருஷத்திலே இது ஒண்ணுதான்" என்றாள் அம்மா.

எனக்குச் சட்டென்று ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அப்பா காலமாகி ஏழு வருஷமாகிறது. ஆல்பம் முழுவதும் புரட்டிப் பார்த்தால், எல்லார் படமும் இருக்கிறது, அவர் படம் மட்டும் விரல் விட்டு எண்ணக் கூடியதாகத்தான் இருக்கிறது. காமிரா வைத்திருப்பவரின் தலையெழுத்து அது.

போட்டோவின் பின்புறம் பென்சிலால் "1983" என்று மட்டும் எழுதியிருந்தார். இடம் எழுதவில்லை. "நாகேசுவரராவ் பார்க்" என்றாள் அம்மா. "கிடையவே கிடையாது, பனகல் பார்க்! அன்னிக்குத்தான் எனக்குப் புடவை எடுத்தோம்" என்றாள் அத்தை. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அவளுடைய ஞாபகசக்தி அபாரமானது. ஆனால் எல்லாவற்றையும் ஏதாவது ஒரு புடவையோடு முடிச்சுப் போட்டுத்தான் வைத்திருப்பாள். அன்று ராத்திரி சாப்பாடு ஆறிப் போகும் வரைக்கும் விவகாரம் தீரவில்லை.

ஆசிரியரிடம் சொன்னேன். "பேஷ்! படத்தையும் எடுத்துக் கொள், காமிராவையும் எடுத்துக் கொள். பூங்கா பூங்காவாகப் போய்ப் பாரேன்" என்றார். அப்படித்தான் நான் பட்டணத்துப் பூங்காக்களில் காமிராவும் கையுமாக அலைய ஆரம்பித்தேன். தெருக்கோடி ஸ்டூடியோக்காரர் அப்பாவின் பெட்டியைத் துடைத்து, ஒளி புகும் ஓட்டை இல்லை என்று சர்டிபிகேட் கொடுத்தார். பிலிமின் விலையைக் கேட்டதும் நானும் அப்பாவைப் போலவே சுவாசத்தை நிறுத்திக் கொண்டேன். நம் ஊட்டியிலேயே 1960-ல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்தார்கள். அது மூடப்பட்டு விட்டது. இப்போது கிடைப்பதெல்லாம் கடல் கடந்து வருகிற சரக்கு. அதனால் பிலிமை விசேஷ தினத்துக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டு, நித்தியப்படிக்கு என் போன் காமிராவையே நம்பினேன்.

முதலில் மயிலாப்பூர். லஸ் சர்ச் ரோட்டில் உள்ள நாகேசுவரராவ் பூங்காவுக்குக் காலை ஆறரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். தலைவலி வந்தால் நாம் நினைத்துக் கொள்கிறோமே அமிர்தாஞ்சனம், அதைத் தொடங்கிய காசிநாதுனி நாகேசுவர ராவின் பெயர்தான் பூங்காவுக்கு. ஆந்திர பத்திரிகையை நடத்தியவரும் அவரே. மயிலாப்பூரில் அவர் வாழ்ந்த 'ஸ்ரீபாக்' பங்களாவில்தான் 1937-ல் ஆந்திரத் தலைவர்கள் கூடி ஸ்ரீபாக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இதெல்லாம் அங்கே நடை பழகுகிறவர்களுக்கு ஞாபகமிருக்குமோ என்னவோ! அவர்களுக்கு ஞாபகமெல்லாம் இது எத்தனையாவது சுற்று என்பதில்தான்.

அந்த நேரத்து வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர் வெயில் பத்து மணிக்கு மேல் உச்சியிலிருந்து நேராக இறங்கும். யாரைப் படம் பிடித்தாலும் கண்ணிரண்டும் இரண்டு கரும் குழியாக விழும். மூக்குக்குக் கீழே மீசை வைத்த மாதிரி நிழல் வரும். பெண்மணிகள் மன்னிக்கவே மாட்டார்கள். காலை எட்டரை மணிக்குள்ளும், மாலை நாலரைக்கு மேலும்தான் சூரியன் சாய்ந்து வந்து முகத்தைத் தடவிக் கொடுக்கிறான். மரத்தடி நிழலில் நிறுத்தலாமே என்றால் அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. இலைகளின் சந்து வழியாக ஒழுகும் வெயில் முகத்தில் அம்மைத் தழும்பு போல் புள்ளி புள்ளியாக விழும். நிழல் அடர்த்தியாக, ஒரே சீராக இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தி, வெளிச்சமுள்ள திசையைப் பார்க்கச் சொன்னால் போதும். அதே முகம்தானா என்று அவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

அப்பா காலத்துச் சூத்திரம் வேறு. "சூரியன் எப்போதும் எடுப்பவரின் முதுகுப் பக்கம்" என்பார்கள். பெட்டிக் காமிராவுக்கு ஏராளமான வெளிச்சம் வேண்டும், வேறு வழியில்லை. அதன் பலன்தான் அம்மாவின் இடுங்கிய கண்ணும், காலடியில் விழுந்த நிழலும். இப்போதுள்ள காமிராக்களுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. சூரியன் பக்கவாட்டில் இருக்கட்டும். துணிந்தவர்கள் பின்னாலேயே விட்டுவிடலாம்; தலைமயிரைச் சுற்றி ஒரு பொன் விளிம்பு கட்டும்.

படத்தை நீட்டி, "இந்த மரம் இங்கே எங்கேயாவது இருக்கிறதா?" என்று ஒரு பெரியவரைக் கேட்டதுதான் தாமதம். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மூக்குக் கண்ணாடிக்காக இன்னொருவரைக் கூப்பிட்டார். ஐந்து நிமிஷத்தில் எட்டுப் பேர் சூழ்ந்து கொண்டார்கள். அன்று காலை அத்தனை பேருக்கும் இரண்டு சுற்று நஷ்டம்! மரம் தூங்குமூஞ்சி மரம் என்பதில் ஏகமனதாக முடிவு செய்தார்கள். "ஆனா இப்படி ஒரு கம்பி வேலி இந்தப் பார்க்கிலே இருந்ததில்லேம்மா. நான் சின்னப் பையனா இருந்ததிலேருந்து வர்றேன்" என்றார் முதல் பெரியவர். அம்மா கட்சி தோற்றது.

தூங்குமூஞ்சி மரத்தைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. பட்டணத்துப் பூங்காக்களில் காமிராக்காரர்களுக்கு அதைவிட ஒத்தாசையான மரம் கிடையாது. பகல் முழுவதும் குடை விரித்து நிழல் தரும். அந்தி சாய்ந்தாலோ, வானம் மூட்டம் போட்டாலோ, இலைகளை மடக்கிக் கொண்டு உறங்கிவிடும். பகலில் இருட்டாக இருந்த இடம் மாலையில் திடீரென்று திறந்து கொண்டு, கிளைகள் எல்லாம் ஆகாயத்தில் கோடு கிழித்தாற்போல் தெரியும். ஒரே மரத்தை ஒரே இடத்திலிருந்து நாலு மணிக்கு ஒரு தரமும், ஆறு மணிக்கு ஒரு தரமும் எடுத்துப் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு மரம் என்று பந்தயம் கட்டலாம்.

நாகலிங்க மரமும் அப்படி ஒரு தோழி. மற்ற மரங்கள் பூவை உச்சாணிக் கிளையில் வைத்துக் கொண்டு நம்மை அண்ணாந்து பார்க்கச் செய்கின்றன. நாகலிங்கமோ அடிமரத்திலேயே, நம் கண்ணுக்கு நேராகப் பூத்துக் கொடுக்கிறது. லிங்கமும் நாகமும் கண்டு நாம் அதைக் கோவிலுக்குச் சொந்தமாக்கிக் கொண்டாலும், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். காலையில் போனால் வாசனையோடு புத்தம் புதுப் பூ கிடைக்கும். பின்னால் ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பிடிக்க ஆள் இருந்தால், படம் ஸ்டூடியோவில் எடுத்தது போல் வரும். நான் குடை பிடிக்க அத்தையை அழைத்துப் போனேன். பூவைப் பறிக்காமல் அவளைத் திருப்பி அழைத்து வருவதுதான் சிரமமாக இருந்தது.

அடுத்தது தியாகராய நகரில் பனகல் பூங்கா. 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த பனகல் அரசரின் பெயர். சுற்றிலும் பட்டுப்புடவைக் கடைகள். அத்தையின் ஞாபகம் ஏன் அங்கே போய் நின்றது என்று எனக்குப் புரிந்தது. நான் போனபோது மெட்ரோ ரயில் வேலைக்காகப் பூங்காவில் ஒரு பகுதியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஒரு தூங்குமூஞ்சி இருந்தால்கூடத் தகரத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். நடேசன் பூங்காவிலும் ஒரு மாலை சுற்றினேன். குழந்தைகள் சறுக்கு மரத்தில் வரிசை கட்டி நின்றார்கள். முழங்கால் மடித்து அவர்கள் உயரத்துக்கு உட்கார்ந்து எடுத்தேன். மேலிருந்து எடுத்தால் குழந்தைகள் எல்லாம் தலையும் காலுமாகத்தான் தெரிவார்கள். எடுக்குமுன் தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது முக்கியம். ஒருத்தி "வேண்டாங்க" என்றாள். சரி என்று காமிராவை மூடிக் கொண்டேன். போகும்போது அவளே கூப்பிட்டுச் சுண்டல் கொடுத்தாள்.

கதீட்ரல் ரோட்டில் செம்மொழிப் பூங்காவுக்குப் போனது தேடலுக்காக அல்ல, ஆசைக்காக. அது 2010-ல்தான் திறந்தது. அதற்கு முன் அங்கே 1962 முதல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்ததையும், காரில் உட்கார்ந்தபடியே தட்டு மாட்டிக் கொண்டு பூரி கிழங்கு சாப்பிட்டதையும் மறக்காதவர்கள் பலர் இதைப் படிக்கிறவர்களிலேயே இருப்பீர்கள். இம்மாதிரிப் பூங்காக்களில் காமிராவுக்கு என்ன விதி, என்ன கட்டணம் என்று வாசலிலேயே கேட்டுக் கொண்டு உள்ளே போவது நல்லது. வாக்குவாதம் செய்தால் நல்ல வெளிச்சம் போய்விடும்.

இனி நான் சொல்லப் போவது வேறு ஒரு பூங்காவில் நடந்தது. எது என்று சொல்லப் போவதில்லை.

மாலை ஐந்தரை மணி. வளைந்து போகும் பாதை, இரு புறமும் மரம், தூரத்தில் ஒரு பெஞ்சி. அழகான காட்சி. மூன்று படம் எடுத்தேன். திரும்பி நாலடி வைத்திருப்பேன். "அக்கா! அக்கா!" என்று குரல். இருபது வயதுக்கு மேல் இராத ஒரு பெண் ஓடி வந்தாள். நெற்றி வியர்த்திருந்தது. பெஞ்சியில் ஒரு பையன் எழுந்து நின்று, வருவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பிசைந்து கொண்டிருந்தான்.

"அக்கா, அந்தப் படத்துல நாங்க இருக்கோமா?"

பார்த்தேன். இருந்தார்கள். குண்டூசித் தலையளவுதான், ஆனால் விரலால் பெரிதாக்கினால் முகம் தெரிந்தது.

"பத்திரிகையில போட்டுடுவீங்களா? எங்க வீட்டுல... எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா..." அவளால் முடிக்க முடியவில்லை.

நான் என்ன சொல்லியும் அவள் சமாதானமாகவில்லை. அவள் கையிலேயே போனைக் கொடுத்தேன். மூன்றையும் அவளே அழித்தாள். அழித்த படங்கள் ஒளிந்து கொள்ளும் ஓர் அறை இருக்கிறதல்லவா, அதற்குள்ளும் புகுந்து அழித்தாள். நமக்குத் தெரியாத சூட்சுமமெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. பிறகுதான் மூச்சு விட்டாள். "தேங்க்ஸ்கா" என்று சொல்லிவிட்டு, பெஞ்சிக்குப் போகாமல் நேரே வாசலைப் பார்க்க நடந்தாள். அந்தப் பையன் இன்னும் நின்று கொண்டிருந்தான்.

வெகு நேரம் எனக்கு மனசே சரியில்லை. பூங்கா என்பது பொது இடம்தான். ஆனால் பட்டணத்தில் வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் வந்து உட்காருகிற இடமும் அதுதான். வீட்டில் அழ முடியாமல் இங்கே வந்து அழுகிறவளை நான் இந்தச் சுற்றுலாவிலேயே பார்த்தேன். வேலை போனதை மனைவியிடம் சொல்லாமல், டிபன் பாக்ஸைப் பூங்காவில் உட்கார்ந்து காலி செய்துவிட்டு ஆபீஸ் விடும் நேரத்துக்கு வீடு திரும்பிக் கொண்டிருந்த ஒருவர், தாமாகவே பேச்சுக் கொடுத்து என்னிடம் சொன்னார். அவர்கள் எல்லாம் நம் படத்துக்கு அலங்காரம் அல்ல. அன்று முதல் பின்னணியில் மனிதர்கள் இருந்தால் முதுகுப் பக்கமாக எடுக்கிறேன். இல்லாவிட்டால் போய்க் கேட்டு விடுகிறேன். கேட்டதில் பாதிப் பேர் மறுத்துவிட்டார்கள். மீதிப் பாதியில் நல்ல படங்கள் கிடைத்தன.

வீட்டுக்கு வந்ததும் 1983-ம் வருஷத்துப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பெஞ்சியில் அந்த இருவர். நாற்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் ஆல்பத்தில் குடியிருக்கிறார்கள். யார், எவர், அப்பா அவர்களைக் கவனித்தாரா? பிலிமில் அழிக்க வழியேது! முகம் தெரியாமல் போனது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக் கொண்டேன்.

பெண்கள் காமிராவைத் தூக்கிக் கொண்டு போனால் இன்றைக்கும் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார்கள். 1930-களில் எப்படி இருந்திருக்கும்? நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று பெயர் பெற்ற ஹோமாய் வியாரவாலா (1913–2012), பம்பாயில் ஒரு மாதர் சங்கத்தார் உல்லாசப் பயணம் போனதைப் படம் பிடித்துத்தான் தம் தொழிலை ஆரம்பித்தார். 'பாம்பே கிரானிகல்' பத்திரிகை ஒரு படத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்தது. தொடக்க காலத்தில் அவருடைய படங்கள் கணவர் பெயரில்தான் வெளியாயின. பிற்பாடு மவுண்ட்பேட்டனையும் நேருவையும் எடுத்த கைக்கு, முதலில் தைரியம் கொடுத்தவர்கள் வீட்டு வேலையை ஒரு நாள் ஒதுக்கிவிட்டுச் சிரித்து விளையாடிய பெண்கள்தாம்!

நம் மயிலாப்பூரிலும் ஒரு மேதை இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996). வனவிலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பதில் நிகரற்றவர். பல காமிராக்களின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே ஒன்று செய்து கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று நாமகரணம் சூட்டியிருந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய பத்தியை ஆயுள் முடியும் வரை எழுதினார். யானையையும் காட்டெருதையும் தேடிக் காடு காடாய் அலைந்தவர், காக்கையையும் அணிலையும் தெரு நாயையும் பற்றி எழுதும்போதும் அதே சிரத்தையோடு எழுதினார். காமிராவின் விலையைக் குறை சொல்கிறவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவது வழக்கம்.

இதற்குள் எனக்கு ஒரு பயம் பிடித்துக் கொண்டது. மரமே இல்லாமல் போயிருந்தால்? 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் நம் பட்டணத்தில் புகுந்து போனதை யார் மறக்க முடியும்! மறுநாள் காலை தெருவெல்லாம் மரங்கள் வேரோடு படுத்துக் கிடந்தன. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்து வைத்த குல்மோஹர் போன்றவைதான் அதிகம் சாய்ந்தன. அதற்கும் முன்பே, 1989-ல் ஒரு புயலில் அடையாறு தியசாபிகல் சொஸைடி ஆலமரத்தின் தாய்மரம் விழுந்தது. விழுதுகள் பிழைத்துக் கொண்டன. இப்போது அங்கே போகிறவர்கள் விழுதுகளைத்தான் படம் பிடிக்கிறார்கள். தாய்மரத்தின் முன்னால் பாட்டி நின்று கொண்டிருக்கிற படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால், பாட்டிக்காக மட்டும் அல்ல, மரத்துக்காகவும் அதைப் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள்.

விடை கடைசியில் எந்தப் பூங்காவிலும் கிடைக்கவில்லை. பழுப்பு உறையில்தான் இருந்தது. நெகடிவ்களைச் சரியாகப் பார்க்கவே இல்லையே என்று ஒரு நாள் தோன்றியது. ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பஞ்சால் ஒற்றி, வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றினார். அம்மா படம் திரையில் வந்தது. அப்பா அதே சுருளில் அதற்கு அடுத்தாற்போல் எடுத்து, ஏனோ பிரிண்ட் போடாமல் விட்ட படமும் வந்தது. அதே கம்பி வேலி, கொஞ்சம் கிட்டத்தில். வேலிக்குப் பின்னால் ஒரு கூண்டு. கூண்டுக்குள், பாதி தலை வெட்டுப்பட்டு, ஒரு சிங்கம்!

படத்தைக் கண்டதும் அத்தை கையைத் தட்டினாள். "உயிர் காலேஜ்! நான் அன்னிக்கே சொல்லலே?"

அவள் சொல்லவே இல்லை. போகட்டும்.

இளைய தலைமுறைக்கு ஒரு வார்த்தை. எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வது பட்டணத்து வழக்கம். மியூசியத்தை நடத்திய டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் அங்கேயே சில மிருகங்களை வைத்துத் தொடங்கியதுதான் உயிர் காலேஜ். சில வருஷங்களில் அது சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயிற்று. கவர்னர் டிரெவெலியன் காலத்தில் ஜனங்கள் காற்று வாங்குவதற்கென்று உண்டாக்கிய பூங்கா அது. நூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடந்தது. பிறகு விக்டோரியா பப்ளிக் ஹால் அதிலே ஒரு மூலையை எடுத்துக் கொண்டது. மூர் மார்க்கெட் ஒரு மூலை. 1913-ல் ரிப்பன் மாளிகை ஒரு மூலை. கடைசியில் 1985-ல் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அதே வருஷம் உயிர் காலேஜும் வண்டலூருக்குக் குடி போய்விட்டது. இன்று அந்த நிலத்தில் புறநகர் ரயில் நிலையமும் விளையாட்டு அரங்கமும் நிற்கின்றன. அப்பா படம் எடுத்த இரண்டு வருஷத்துக்குள் சிங்கம் வீடு மாறிவிட்டது. மரம் என்னவாயிற்றோ!

"போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "அங்கே என்ன இருக்கு?" என்றாள் அம்மா. ஆனால் சொல்லிக் கொண்டே புடவை மாற்றப் போனாள்.

ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம், பழைய பீப்பிள்ஸ் பார்க்கின் மிச்சமாக, மை லேடீஸ் பூங்கா இருக்கிறது. மாலை நாலே முக்காலுக்குப் போனோம். சென்ட்ரலின் சந்தடி மரங்களுக்கு அப்பால் கேட்டுக் கொண்டே இருந்தது. சிங்கத்தின் கூண்டு எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று அம்மா முதலில் கிழக்கே கை காட்டினாள். பிறகு மேற்கே. பிறகு, "அன்னிக்கு வேர்க்கடலை வாங்கினோம், அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள்.

பெட்டிக் காமிராவில் பதினோரு படம் எடுத்து முடித்திருந்தேன். ஒன்று பாக்கி. ஒரு மரத்தடியில் அம்மாவை நிறுத்தினேன். நல்ல அடர்ந்த நிழல். வெளிச்சம் பக்கத்திலிருந்து வரும்படி அவள் முகத்தைத் திருப்பினேன்.

"உன் நிழல் எங்கேடி?" என்றாள்.

"விழாத மாதிரி எடுக்கணும்மா."

அம்மா நிழலை விட்டு வெளியே வந்து, வெயிலில், சூரியனுக்கு நேர் எதிராக நின்று கொண்டாள்.

"கண் கூசுமே!"

"கூசட்டும், எடு."

நான் பத்தடி தள்ளிப் போய், சூரியனை முதுகில் வாங்கிக் கொண்டு, முழங்கைகளை அகட்டிப் பிடித்தேன்.